நீங்கள் ‘ஓம்’ சொல்லாத மழை

அன்புள்ள அத்தான்,

நித்திரையோ?

உங்களோடு எதைக் கதைக்கத் தொடங்கினாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டியிருந்தது. வேலையால் வந்து கதிரையில் சாய்ந்தீர்கள் என்றால், அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. "அத்தான், நித்திரையோ?" என்பேன். "ஓம்" என்பீர்கள். "இஞ்சருங்கோ, நித்திரையெண்டால் எப்படிக் கதைக்கிறியள்?" என்று அக்கா குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்பாள். அதற்கும் "ஓம்" தான்.

இப்போதும் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். பதில் வராது என்று தெரியும். ஆனால் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுடைய முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று அக்கா சொன்னாள். ஊரில் என்றால் அச்சகத்தில் கொடுத்து, படமும் தேவாரமும் போட்டு, அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்கள். இங்கே மெல்பேர்னில் தமிழ் எழுத்துக் கோக்க ஆளில்லை. கையால் எழுதி, ரோணியோ மெஷினில் பிரதி அடித்து, கம்பி குத்திக் கொடுப்பதுதான். "நீ எழுது, தவம். வீட்டில எழுத்துக்காரன் நீதானே" என்றாள். அந்தச் சொல் என்னை எங்கே போய்த் தைத்தது என்பதை இதை வாசித்து முடிக்கும்போது அவள் அறிவாள்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்வளவு எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது. பறிக்க ஆளில்லாமல் கீழே கிடந்து அழுகுவதைப் பார்த்து அக்கா ஒரு கூடை பொறுக்கி, கராஜுக்குள் உங்களுடைய கூடார ட்ரெயிலரின் மேலே வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கிழவர் யாரும் கேட்காமலே உங்கள் புல்லையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போகிறார். நன்றி சொன்னால் கையை வீசுகிறார். அவரோடு நீங்கள் என்ன மொழியில் அவ்வளவு நேரம் வேலிக்கு மேலால் கதைத்தீர்கள்? உங்கள் ஆங்கிலம் அவருக்கு விளங்காது, அவருடையது உங்களுக்கு விளங்காது. ஆனால் செத்தவீட்டில் உண்மையாக அழுத ஆண்களில் அவர் ஒருவர்.

இதை வாசிக்கப் போகிறவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். என் குணமும் தெரியும். இலங்கையில் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்தேன். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு தடவை எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குப் போனது. இங்கே வந்த பிறகு, என் வயதில் பாதிகூட இல்லாத ஒருவன் சிவப்புப் பென்சிலால் அடையாளம் போட்டுத் தரும் வரைபடக் கோடுகளை மறுபடி கீறிக் கொடுக்கிறேன். மற்றவர்கள் முத்திரை சேர்ப்பார்கள். நான் மனக்கசப்புகளைச் சேர்த்து, வருஷ வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த அல்பத்தில் உங்களுக்கும் இரண்டு பக்கம் இருந்தது, அத்தான்.

முதலாவது, விமான நிலையம். நாங்கள் புறப்படும் முன் கொழும்பில் ட்ரங்கோல் பதிந்து, அரை நாள் காத்திருந்து உங்களோடு கதைத்தேன். "சனிக்கிழமை காலமை வாறம், அத்தான். எயர்ப்போட்டுக்கு வருவியளோ?" "ஓம்." "நாலு பெட்டி கிடக்கு. பெரிய காராக் கொண்டு வாங்கோ." "ஓம்." "அக்காவுக்கும் சொல்லிவிடுங்கோ." "ஓம்." மூன்று ஓம். மூன்றையும் நம்பி, துலாமரீன் எயர்ப்போட்டில் மெல்லிய சீலையோடு நடுங்கிக்கொண்டிருந்த மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றேன். பிறகு டாக்சி பிடித்து வந்து கதவைத் தட்டினால், நீங்கள் சாரம் கட்டிக்கொண்டு, கையில் தேத்தண்ணியோடு நிற்கிறீர்கள். "எட, வந்திட்டீரே! ஒரு சொல் அறிவிச்சிருக்கலாமே?"

நல்ல நடிகன் என்று நினைத்தேன். நான் எழுதிய எயர்மெயில் கடிதமும் எங்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. போனில் சொன்னேனே என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. கேட்டால் தீர்ந்துவிடும். தீர்ந்தால் சேர்த்து வைக்க முடியாது.

இரண்டாவது, நீங்கள் வேலை செய்த கந்தோரில் காலியான இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பெரியவரிட்ட என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லுவியளோ, அத்தான்?" கதிரையிலிருந்து வந்தது அதே ஓம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டதாக நீங்களே கறியைப் பிசைந்துகொண்டு சொன்னீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவினேன்.

இப்படியான ஒருவனைத்தான் போன வருஷம் ஈஸ்டர் விடுமுறைக்கு அந்தக் கூடார ட்ரெயிலரோடு கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அந்த ட்ரெயிலரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்போது அது இடுப்பளவு உயரப் பெட்டி. போய்ச் சேர்ந்ததும் ஒரு இரும்புப் பிடியைப் போட்டுச் சுத்தினால் தகரக் கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் இழுத்தால் பக்கத்துக்கொரு கட்டில் வெளியே வரும். சுவரெல்லாம் தடித்த கான்வஸ் துணி. அக்கா அதற்கு ‘நெருப்புப்பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தாள். "இழுத்தால் குச்சி மாதிரி இரண்டு பக்கத்தாலும் ஆக்கள் வருவினம்" என்பாள்.

இரண்டு குடும்பமும் போவதாகத்தான் இருந்தது. போக இரண்டு நாள் இருக்க என் சின்ன மகளுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டுவிட்டது. என் மனைவிக்குத் துணையாக அக்காவும் நின்றுவிட்டாள். நான் சந்தோஷமாக நிற்கப் பார்த்தேன். "பதிஞ்ச இடத்தை விடுறதோ? நீரும் நானும் போவம், தவம்" என்றீர்கள். அக்கா வழிச் சாப்பாட்டுக்கு ஒரு டின் நிறைய இடிசம்பலும் மூன்று றாத்தல் பாணும் கட்டித் தந்தாள். மூன்று நாள் உங்களோடு தனியே என்ன கதைப்பது என்று யோசித்தபடி காரில் ஏறினேன்.

வெரிபீயைத் தாண்டும்போது கழிவுநீர்ப் பண்ணையின் மணம் வந்தது. நான் கண்ணாடியை உயர்த்தினேன். "இதையும் ஒரு எஞ்சினியர்தான் கட்டினவன், தவம்" என்றீர்கள். பகிடியாகச் சொன்னீர்கள் என்று இப்போது விளங்குகிறது. அப்போது, கடற்கரை ஊரான லோர்ன் வரும்வரை முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன்.

லோர்னுக்கு அப்பால், ஆறு கடலில் விழும் இடத்தில் எங்கள் முகாம். உங்களுக்கு முதுகுவலி. அதனால் கூரையை ஏற்றும் வேலை எனக்கு. அறுபத்திரண்டு சுற்று. எண்ணினேன். வலது உள்ளங்கையில் தோல் கிளம்பிவிட்டது. நீங்கள் ஒரு மடிப்புக் கதிரையில் இருந்து, "ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சுக்கொள்ளும். மழை வந்தால் உள்ளுக்கிருந்து துணியைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தால ஒழுகும்" என்றீர்கள். எனக்கு, ஒரு நீர்ப்பாசன எஞ்சினியருக்கு, தண்ணீர் எங்கே ஒழுகும் என்று பாடம். அதையும் குறித்து வைத்தேன்.

இருட்டி ஒரு மணித்தியாலத்தில் மழை வந்தது. அத்தான், மழை பெய்யும் ஊரில் பிறந்தவன் நான். ஆனால் அப்படி ஒரு சத்தத்துக்குள் கிடந்ததில்லை. தகரத்தில் ஒரு சத்தம், துணியில் ஒரு சத்தம், காற்று அடிக்கும்போதெல்லாம் யூக்கலிப்டஸ் மரங்களிலிருந்து கொட்டும் பெரிய துளிகளின் சத்தம் வேறு. பறைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பது போல. நீங்கள் மற்றக் கட்டிலில் போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தீர்கள்.

துணி தாங்குகிறதா என்று பார்க்க ஒரு விரலால் தொட்டேன். தொட்ட இடத்தால் ஒழுகத் தொடங்கியது. ஒழுகியது நேரே என் தலையணையில்.

"அத்தான், நித்திரையோ?"

பதில் இல்லை. இன்னொரு தடவை, மழைக்கு மேலால் கத்திக் கேட்டேன். ஓம் வரவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக நீங்கள் ஓம் சொல்லவில்லை. கதிரையில் கிடக்கும்போது அரைத் தூக்கம், அதனால் ஓம் வருகிறது. இப்போது அதுகூட வரவில்லையென்றால் இது முழுத் தூக்கம். இப்படிக் கணக்குப் போட்டு, ஆள் செத்த பிணம் போலத் தூங்குகிறார் என்று முடிவு கட்டினேன். எழுதும்போது இந்தச் சொல்லுக்குக் கை கூசுகிறது. மன்னியுங்கள்.

நனைந்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பி இருந்தேன். கோபம் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் பேசுவது எனக்கே அரைவாசிதான் கேட்டது. அந்தத் துணிவில் உங்களை ஏசத் தொடங்கினேன். விமான நிலையத்தைச் சொன்னேன். கந்தோர் வேலையைச் சொன்னேன். வெரிபீயைக்கூடச் சொன்னேன். வாய்விட்டு ஏசுவது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏசி முடிந்தும் மழை முடியவில்லை. என்னிடம் வேறு ஏச்சு இல்லை. அப்போதுதான் மெல்பேர்னிலும் இப்படிப் பெய்கிறதோ, அக்கா என்ன செய்வாள் என்று நினைத்தேன். நினைத்ததும் வாய் தானாகக் கேட்டது. "அத்தான், மழை வந்தால் அக்கா ஏன் பின்கதவால வெளியில போறவள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் ஒன்றையும் கவனிக்காத மனிசன். மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கரகரத்து இருமல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. வந்தால் துவாயை வாயில் பொத்திக்கொண்டு, ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போய் நின்று இருமுவாள். கொழும்பில் உங்கள் அம்மா உங்களோடு இருந்த காலத்தில் பழகிய பழக்கம். அக்கா இருமினால் உங்கள் அம்மா சொல்லுவா: "அப்பவே ஆரோ ஒரு புண்ணியவான் எழுதினவன். நாங்கள்தான் கேக்கேல்லை." உங்கள் அம்மா செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. கேட்க ஒருவரும் இல்லாத, இங்கே மெல்பேர்னில் உங்கள் கிளேய்ட்டன் வீட்டிலும், அக்கா குளிருக்குள் வெளியே போய் நின்றுதான் இருமினாள்.

அந்தப் புண்ணியவான் நான் தான் என்று சொன்னேன்.

இனி எழுதுவதை அக்கா பொறுமையாக வாசிக்க வேண்டும். உங்களுடைய சம்பந்தம் பேசி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்களுக்கு அம்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, சமைத்து, எனக்குக் கணிதம் சொல்லித் தந்து, சோதனைக்கு நான் படிக்கும் நாட்களில் எதிரே இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள் அக்கா. நீங்கள் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவள் போகக்கூடாது. அவ்வளவுதான்.

கையெழுத்துத் தெரியாமல் இருக்க, இடக்கையால், உங்கள் அப்பாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பெண்ணுக்கு இழுப்பு வருத்தம், மழைக்காலத்தில் மூச்சு விடமாட்டாள், வைத்தியம் பார்த்தும் மாறவில்லை, உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன், இப்படிக்கு உங்கள் நலம் விரும்பி. கொஞ்சம் இருமல் இருந்தது உண்மை. அதை இழுப்பு ஆக்கியது நான். பொய்யை உண்மையின் தோளில் ஏற்றி விட்டால் அது தூரம் போகும் என்று பத்தொன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. சைக்கிளில் இரண்டு ஊர் தாண்டிப் போய்த் தபாலில் போட்டேன்.

ஆறு மாதம் கலியாணம் தடைப்பட்டது. அந்த ஆறு மாதமும் அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கு எதிரே இருந்து கொப்பி திருத்திக்கொண்டுதான் இருந்தாள். சிவப்பு மை கொப்பியில் ஓரிடத்திலேயே நின்று ஊறும். பிறகு மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று தரகர் வந்து சொன்னார். கலியாணம் நடந்தது. நான்தான் மாப்பிள்ளைத் தோழனாக உங்கள் பக்கத்தில் நின்றேன்.

இதெல்லாவற்றையும் அந்த மழைக்குள் உங்கள் முதுகுக்குச் சொன்னேன். இடக்கையால் எழுதியதையும் சொன்னேன். கடைசியில், "ஆராவது என்னை ஒருக்கா ஏசினால் நல்லது, அத்தான்" என்றும் சொன்னேன். நீங்கள் அசையவில்லை. எனக்கு நெஞ்சு லேசாகி, ஈரத் தலையணையைத் தரையில் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கிப் போனேன். விடியும் வரை ஒன்றும் அறியேன்.

விடிந்தபோது மழை இல்லை. நீங்கள் வெளியே காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு, பக்கத்துக் கூடாரத்துத் தாடிக்காரனோடு கையைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"இரவு மழையோ, தவம்?"

"நல்ல மழை. நீங்கள் அறியேல்லையோ?"

"நான் விழுந்ததுதான் தெரியும்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். "தலையணை ஏன் நனைஞ்சு கிடக்கு? துணியைத் தொட்டனீரோ?"

"இல்லை" என்றேன்.

இரவு முழுக்க அவ்வளவையும் ஒப்புக்கொண்டவன், விடிந்ததும் முதல் சொல்லாகச் சொன்னது அந்தப் பொய். தேத்தண்ணியை ஊற்றி நீட்டினீர்கள். வலது கையில் தோல் கிளம்பியிருந்ததால் இடது கையை நீட்டினேன். நீங்கள் கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள்.

"வலக்கையால வாங்கும், தவம். இடக்கையால செய்யிற வேலை ஒண்டும் சரிவராது."

தாடிக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, தலை நரைக்கத் தொடங்கிய ஒருவனுக்கு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல. எரிகிற கையால் வாங்கிக் குடித்தேன். அல்பத்தில் உங்களுக்கு மூன்றாவது பக்கம் திறந்தேன். நான் கேட்ட ஏச்சை நீங்கள் தந்துவிட்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஏசியது போலவும் இல்லாமல், ஏசாமல் விட்டது போலவும் இல்லாமல், சீனி போட்டுத் தந்தீர்கள்.

எப்படி விளங்கும்? உங்கள் எட்டாம் நாள் சடங்கு வரைக்கும் அது எனக்கு விளங்கவேயில்லை.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அக்காவும் நானும் குசினியில் இருந்தோம். ஒரு குளிர்காலக் காலையில் சப்பாத்துக் கட்டக் குனிந்து நிமிராமலே போன உங்களைப் பற்றி, அழுது முடிந்து, சிரிக்கும் இடத்துக்கு வந்திருந்தாள்.

"மனிசன் முழிப்பெண்டால் லேசில ஓம் எண்டு சொல்லாது, தவம். யோசிக்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு சொல்லு வரும். நித்திரையெண்டால் எல்லாத்துக்கும் ஓம்தான். சீலை வேணுமெண்டால் நான் நித்திரையிலதான் கேக்கிறது. காலமை, நான் எப்ப ஓம் சொன்னனான் எண்டு முழிக்கும்."

"எல்லாத்துக்குமோ?"

"எல்லாத்துக்கும். நீங்கள் வந்த கிழமையும் சாமத்தில ஆரோ போன் எடுத்தது. மூண்டு தரம் ஓம் எண்டு போட்டு வந்து படுத்தது. காலமை கேட்டால், ஒருத்தரும் எடுக்கேல்லை, நீ கனவு கண்டனீ எண்டு என்னையே சொல்லுது."

கொழும்பில் அப்போது மாலை. இங்கே என்ன நேரம் என்று நான் யோசிக்கவில்லை. நான்கு வருஷம் நெஞ்சில் வைத்துப் பாதுகாத்த கோபம் ஒன்று, குசினி மேசையில், ஒரு பழைய பகிடியாக வந்து விழுந்தது. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். சேர்த்தது வீணாகிவிட்டதே என்று. அதற்குப் பிறகுதான் மற்றது மெல்ல மெல்ல ஏறியது. நித்திரையென்றால் ஓம். அப்படியென்றால் அந்த மழைக்குள், நான் இரண்டு தடவை கேட்டும் ஓம் வராதபோது?

"அப்ப முழிப்பா இருக்கேக்க ஆரும் நித்திரையோ எண்டு கேட்டால்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லாது. சும்மா கேட்டுக்கொண்டு கிடக்கும்." அக்கா எழும்பிக் கேத்திலை அடுப்பில் வைத்தாள். "இன்னொண்டு சொல்ல மறந்திட்டன். ஈஸ்டரால வந்ததில இருந்து ஒரு புதுப் பழக்கம். மழை வந்து நான் பின்கதவைத் திறந்தால் விடாது. ‘உள்ளுக்கு நிண்டு வடிவா இருமும், மனோ. இஞ்ச ஒருத்தரும் எழுதி அனுப்ப மாட்டினம்’ எண்டு சொல்லும். இருபத்தேழு வருஷம் கவனிக்காத மனிசனுக்குத் திடீரெண்டு எங்கால ஞானம் வந்ததோ தெரியாது."

எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேத்தண்ணியை வலக்கையால் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தான், உங்களிடம் சில கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கடிதத்தை உங்கள் அப்பா உங்களுக்குக் காட்டினாரா? எழுதியவன் பெண்ணின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று அப்போதே மோப்பம் பிடித்தீர்களா? மாப்பிள்ளைத் தோழனாக என்னை நிறுத்தும்படி கேட்டது நீங்கள் என்று எங்கள் அப்பா சொன்னார். ஏன் கேட்டீர்கள்? தெரிந்துகொண்டுதான் எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டீர்களா, அல்லது அந்த மழையில்தான் முதல் தடவையாக அறிந்தீர்களா? அறிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேலாக, ஞாயிற்றுக்கிழமை தோறும், எனக்கு முதலில் சோறு போடச் சொன்னீர்களே, அது எப்படி முடிந்தது? என்னால் ஒரு வெரிபீப் பகிடியை மன்னிக்க முடியவில்லை.

எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். சிவப்புப் பென்சில்காரனை நான் மன்னிக்கவில்லை. என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவர்களையும் மன்னிக்கவில்லை. உங்களுடைய மூன்று பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் என் பக்கம் ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி, அச்சுக்குக் கொடுக்க முன் அக்காவிடம் கொடுத்தேன். "வாசியுங்கோ அக்கா. வாசிச்சுப் போட்டுக் கிழிக்கிறதெண்டாலும் கிழியுங்கோ" என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இனி வருவது அதற்குப் பிறகு எழுதியது.

நான்கு நாள் ஒரு சத்தமும் இல்லை. போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் வேலையால் வந்து கடிதப் பெட்டியைத் திறந்தால், முத்திரை ஒட்டாத ஒரு உறை. அக்கா இரண்டு பஸ் மாறி வந்து, கதவைத் தட்டாமல், போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். பகல் முழுக்க என் மனைவி வீட்டில்தான் இருந்தாள்.

உள்ளே இந்தத் தாள்கள். கிழிக்கவில்லை. பழைய ரீச்சர் அல்லவா, பென்சிலால் திருத்தியிருந்தாள். இரண்டு இடத்தில் நான் விட்ட ‘க்’கைச் சேர்த்திருந்தாள். ‘ஆறு மாதம் கலியாணம் தடைப்பட்டது’ என்ற இடத்தில் ஆறை வெட்டி, ஏழு என்று எழுதியிருந்தாள். நான் அந்த வரியை மாற்றாமல் விட்டிருக்கிறேன். என் பிழை அங்கேயே கிடக்கட்டும், திருத்தம் இங்கே இருக்கட்டும். ஏழு மாதம், அத்தான். எண்ணியவளுக்குத்தான் தெரியும்.

மன்னித்தேன் என்று ஒரு எழுத்து இல்லை. மன்னிக்கவில்லை என்றும் இல்லை. கடைசித் தாளின் அடியில், நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில், ஒரு கோடு கீறி, பெயர் எழுதாமல் சோதனைத் தாளைத் தந்த பிள்ளைக்கு எழுதுவது போல ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்.

‘பெயர்?’

தாளை மேசையில் வைத்துப் பேனையைத் திறந்தேன். இடக்கையால் எழுதிய அந்தக் கடிதத்துக்கும் அடியில் இப்படி ஒரு வெறும் இடம் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அது நிரப்பப்படாமல் இருக்கிறது.

அடுத்த ஈஸ்டருக்கு அந்த நெருப்புப்பெட்டியைக் கழுவித் துடைத்து, அதே ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போவேன். அக்காவைக் கூப்பிடுவேன். வருவாளா தெரியாது. வராவிட்டால் அதற்கடுத்த வருஷமும் கூப்பிடுவேன். வந்தால், கூரையை நான் ஏற்றுவேன், துணியைத் தொடமாட்டேன். மழை வந்து, தகரமும் துணியும் சேர்ந்து அடிக்கும்போது, அவள் தன் கட்டிலில் கிடந்து வேண்டிய மட்டும் இருமட்டும். ஏச வேண்டியதை எல்லாம் ஏசட்டும், ஏழு மாதத்துக்கும் ஏசட்டும். இடையில் "தவம், நித்திரையோ?" என்று கேட்டால், நான் ஓம் சொல்லமாட்டேன், அத்தான். சும்மா கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

வலக்கையால் எழுதி, பெயரும் போடுகிறேன்.

உங்கள் மச்சான்,
மனோன்மணியின் தம்பி,
வேலாயுதம் தவராசா